கறார் சிஸ்டரின் வஞ்சம்

பழி வாங்குவதற்காக நர்ஸ் படிப்புக்குப் போனவள் ஊரில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. "சேவை மனப்பான்மையா?" என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் இல்லீங்க, வஞ்சம்" என்பாள். கேட்டவர்கள் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கறார் சிஸ்டர் என்று பெயர். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் கட்டிலுக்குக் கட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும் மாமன் மச்சான்களை ஒரே பார்வையில் கிளப்பிவிடுவாள். டாக்டர்கள்கூட அவளிடம் பேசுமுன் ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள்.

அவள் நர்ஸ் ஆவதற்கு முன்னால் துணிக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் வேலையில் இருந்தாள். கணவர் வேன் ஓட்டுகிறவர். முதல் பிரசவத்துக்கு இதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். வலி எடுத்து, நின்று, மறுபடி எடுத்து, கடைசியில் ஆபரேஷன். பெண் குழந்தை. கொஞ்ச நேரம் மூச்சு விட்டது, பிறகு விடவில்லை.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை, "குழந்தை எங்க சிஸ்டர்?"

வார்டு சிஸ்டர் ஊசிக்குள் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை. "தங்கலம்மா. உன் வீட்டுக்காரர்கிட்ட குடுத்து அனுப்பியாச்சு."

"நான் இன்னும் பார்க்கவே இல்லையே?"

"பார்க்காம இருக்கறதுதான் உனக்கு நல்லது. பார்த்தா மறக்க முடியாது. சின்ன வயசுதானே, அடுத்த வருஷமே ஒண்ணு பெத்துக்கலாம். அழாத, தையல் பிரிஞ்சுடும்."

அவ்வளவுதான். ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அந்த அடுத்த கட்டிலிலும், அதற்கடுத்த கட்டிலிலும், எதிர் வரிசை முழுக்கவும் குழந்தைகள். நடுவில் இவள். எதிர்க்கட்டில்காரியைப் பார்க்க வந்த சித்தி ஒருத்தி பழத்தை உரித்துக்கொண்டே, "உங்க குழந்தைய குளிப்பாட்டக் கொண்டு போயிருக்காங்களா?" என்று கேட்டாள். இவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில் ரவிக்கை நனைந்துபோய்க் கிடந்தது. முதலில் என்னவென்றே புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, பால். வரும் என்று ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை. மார் கல்லாகக் கனத்தது, காய்ச்சல் அடித்தது. குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, பாலைப் பிழிந்து சாக்கடையில் விட்டாள். அங்கே நின்றபடி கறுவினாள்: அந்தப் பொம்பளையை விடமாட்டேன்.

"நடந்தது நடந்துபோச்சு, விடு" என்றாள் அம்மா.

"விடமாட்டேன்."

"என்ன பண்ணப்போற? போய் அடிக்கப்போறியா?"

என்ன பண்ணுவது என்று அப்போது அவளுக்கே தெரியாது. அந்தம்மாவின் கோட்டைக்குள் புகுந்தால்தான் எதுவும் நடக்கும் என்பது மட்டும் தெரிந்தது. நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். "கோவத்துக்கு யாராவது படிப்பாங்களா?" என்று மாமியார் வாய்மேல் கை வைத்தாள். "படிக்கட்டும்மா, அடுத்து இன்னொருத்தர்மேல கோவப்பட்டா டாக்டருக்கே படிச்சுடுவா" என்றார் கணவர். நடுவில் ஒரு பையன் பிறந்தான், வேறு ஆஸ்பத்திரியில். அவனைச் சீராட்டி வளர்த்தாள். அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பார்க்காத முகம் ஒன்று கூடவே வந்து நின்றது.

படித்து முடித்து, இரண்டு மூன்று இடங்களில் வேலை பார்த்து, கேட்டுக் கேட்டு ஒருவழியாக இந்த ஆஸ்பத்திரிக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த வார்டு சிஸ்டர் அதற்குள் மேட்ரன் ஆகியிருந்தாள். நர்ஸுகள் எல்லோருக்கும் தலைமை. கஞ்சி போட்ட வெள்ளை உடை, இடுப்பில் சாவிக்கொத்து. முதல் நாள் இவள் போய் எதிரே நின்றபோது, அடையாளம் கண்டுகொண்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். மேட்ரன் இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நகத்த வெட்டிட்டு வா" என்றாள்.

பழி வாங்குவது நினைத்த அளவுக்குச் சுலபமாக இல்லை. மேட்ரனின் மூக்குக் கண்ணாடியை ஒருமுறை பஞ்சு டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். மேட்ரன் அன்றைக்கெல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அலைந்ததைப் பார்த்து ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் சில்லறைத்தனமாகத் தோன்றியது. இதற்காகவா இத்தனை வருஷம் படித்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டாள்.

வழி ஒரு மத்தியான நேரத்தில் திறந்தது. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஒரு பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். இரண்டாவது குழந்தை, பையன். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. டாக்டரம்மா முடிந்தமட்டும் பார்த்தாள். பையன் இரண்டு தரம் விக்கினான், அதோடு மூச்சு நின்றுவிட்டது. கண்டக்டரம்மா சத்தமே போடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மேட்ரன் வந்தாள். ஆயாவிடம், "துணில சுத்தி அப்பன்காரன்கிட்ட குடுத்துடு. பக்கவாசல் வழியா போகச் சொல்லு. தாய்க்குக் காட்ட வேணாம்" என்றாள். அதே குரல், ஏறக்குறைய அதே வார்த்தைகள்.

ஆயா குழந்தையை எடுத்தாள். கறார் சிஸ்டர் குறுக்கே போய் நின்று, குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அம்மா இன்னும் பார்க்கல மேடம்."

"பார்க்க வேணாம்னு சொன்னேன்ல?"

"நீங்க சொன்னீங்க. அவங்க சொல்லலையே."

"யாரு?"

"பெத்தவங்க."

மேட்ரனின் முகம் சிவந்தது. "காட்டினா வார்டே அழுதுகிட்டு கிடக்கும். உனக்கு என்ன தெரியும்?"

"அழட்டும் மேடம்" என்றாள் இவள். அந்த நேரத்தில் அவள் மனசில் இருந்தது கருணை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கண்டக்டரம்மா யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. உன் கண் முன்னாலேயே உன் சட்டத்தை உடைக்கிறேன் பார் என்ற வெறிதான் இருந்தது.

குழந்தையை அங்கிருந்த தொட்டிலில் கிடத்திவிட்டு, மற்றக் குழந்தைகளின் அழுகை கேட்காத பரிசோதனை அறைக்குக் கண்டக்டரம்மாவின் கட்டிலைத் தானே தள்ளிக்கொண்டு போனாள். கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். நின்றுகொண்டு பேசக்கூடாது என்று அவளுக்கு உறைத்திருந்தது. அன்றைக்குத் தன்னிடம் பேசியவள் நின்றுகொண்டுதான் பேசினாள்.

"உங்க பையன் இறந்துட்டான்மா" என்றாள். 'தங்கல', 'போயிட்டான்' என்றெல்லாம் பூசி மெழுகவில்லை. "நீங்க சொன்னா அவனைக் கொண்டு வரேன். உடம்பு சில்லுன்னு இருக்கும். உதடு கருத்திருக்கும். கழுத்துல கொடி சுத்தின தடம் இருக்கும். மத்தபடி முழுசா, அழகா இருக்கான். பார்க்கணும்னா பாருங்க, வேணாம்னா வேணாம். இப்ப வேணாம்னுட்டு அப்புறம் வேணும்னாலும் சரி. நான் எங்கயும் போகல."

கண்டக்டரம்மா முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். "பயமா இருக்கு சிஸ்டர்."

"இருக்கும். முதல்ல நான் தூக்கி வெச்சுக்கறேன். நீங்க பக்கத்துல இருந்து பாருங்க. என்ன பேரு வைக்கறதா இருந்தீங்க?"

கண்டக்டரம்மா பேரைச் சொன்னாள். அதன்பிறகு கறார் சிஸ்டர் 'குழந்தை', 'பாடி' என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பேரைச் சொல்லியே கொண்டுவந்தாள், அந்தப் பேரைச் சொல்லியே தாயின் மடியில் கிடத்தினாள்.

வெளியே நாத்தனார்க்காரி வராந்தாவை ஆக்கிரமித்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் அப்பா வெல்டிங் பட்டறைக்காரர். தொழில் உடையோடு ஓடி வந்தவர் சுவரில் சாய்ந்து நின்றார். "என் தம்பிய உள்ள கூப்பிடாதீங்க. ஆம்பளைதான், ஆனா பார்த்தா உடைஞ்சுபோயிடுவான்" என்றாள் நாத்தனார்.

"உடைஞ்சா உடையட்டும்மா. வரணுமா வேணாமான்னு அவரு வாயால சொல்லட்டும்."

வெல்டர் உள்ளே வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என் கை முரடு சிஸ்டர். பூரா தீக்காயம்."

"அப்பா கைதானே, அவன் வேற யாரு கைய தேடப்போறான்?"

வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தாள். வெல்டர் பையனின் காலைக் கழுவினார். ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல். ஆபீஸ் மேஜையிலிருந்து மைப்பெட்டியைத் தூக்கி வந்து, இருவரையும் கேட்டுக்கொண்டு, அந்தப் பிஞ்சுப் பாதத்தைக் கெட்டி அட்டையில் பதித்தாள். நெற்றி முடியில் ஒரு கற்றை வெட்டிப் பஞ்சில் மடித்தாள். வெல்டரின் செல்போனிலேயே மூன்று பேரையும் சேர்த்துப் படம் எடுத்தாள். "இப்ப பார்க்கணும்னு இல்ல. இருக்கட்டும்."

கண்டக்டரம்மா பையனின் காதை வருடிக்கொண்டிருந்தாள். "ஏங்க, இங்க பாருங்க. உங்க காது. அப்படியே மடிச்சு வெச்ச மாதிரி."

"அய்யோ பாவம், இதுவா வரணும்?" என்றார் வெல்டர். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதார்கள்.

கறார் சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு, அழுக்குத் துணி போடும் அறைக்குள் போய் ஒரு துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கத்தினாள். இதையா என்கிட்டயிருந்து எடுத்த? காது யார் மாதிரி, மூக்கு யார் மாதிரின்னு சொல்ற இந்தக் கொஞ்ச நேரத்தையா? அதுவரை தன்னிடமிருந்து பறிக்கப்பட்டது எவ்வளவு என்று அவளுக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரிந்தது. வஞ்சம் இரட்டிப்பானது.

கண்டக்டரம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன் இவள் மறுபடி முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "ஓரிரு நாள்ல பால் சுரக்கும். குழந்தை இல்லைங்கற விஷயம் மாருக்குத் தெரியாது. பயப்படாதீங்க. கொஞ்சம் பிடிப்பான உள்ளாடை போட்டுக்குங்க, ஈரத்துணி வைங்க. தாங்கமுடியாம கனத்தா வலி குறையற அளவுக்கு மட்டும் பிழிஞ்சு விடுங்க. காய்ச்சல் அடிச்சா உடனே வந்துடுங்க. மூத்தவகிட்ட தம்பி தூங்கறான்னு சொல்லாதீங்க, அப்புறம் அவ தூங்கறதுக்கே பயப்படுவா. செத்துட்டான், திரும்பி வரமாட்டான், இது உன்னால ஆனது இல்லைன்னு நேரா சொல்லிடுங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது நடந்ததைக் கணவரிடம் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவளுக்குப் பழைய புண் திறந்துகொண்டது. சண்டை வரும்போதெல்லாம் அவர்மேல் எறிகிற அதே கல்லை எடுத்தாள். "நீங்களாவது நம்ம பொண்ணைப் பார்த்தீங்க. எனக்கு அதுகூட இல்ல."

அவர் எப்போதும் போல் எழுந்து போகவில்லை. தட்டைத் தள்ளி வைத்தார்.

"நானும் பார்க்கலம்மா."

"என்ன?"

"துணி முடிச்சு போட்டிருந்துச்சு. பிரிக்காதீங்க, நேரா கொண்டு போயிடுங்கன்னு அந்தம்மா சொன்னாங்க. வேன்ல பக்கத்து சீட்டுல வெச்சுக்கிட்டு ஓட்டினேன். பிரேக் போடறப்பல்லாம் உருண்டுடுமோன்னு ஒரு கையால பிடிச்சுக்கிட்டேன். பிரிச்சுப் பார்க்கத் தைரியம் இல்ல. நீ கேட்டப்ப பார்த்தேன்னுட்டேன். ஒருத்தராவது பார்த்த மாதிரி இருக்கட்டுமேன்னு."

அவள் இத்தனை வருஷம் அவர்மேல் பொறாமைப்பட்டிருந்தாள். பார்த்தவனுக்கு வர்ணிக்கத் தெரியவில்லையே, 'சின்னதா இருந்துச்சு' என்பதைத் தவிர வாயில் வார்த்தை வரவில்லையே என்று கரித்துக் கொட்டியிருந்தாள். இப்போது அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், வேனில் அவர் அந்த முடிச்சைப் பிடித்திருந்த கையை. ஆக, அந்தப் பொம்பளை தீர்க்கவேண்டிய பாக்கி ஒருத்திக்கு அல்ல, இரண்டு பேருக்கு.

மேட்ரன் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமே கறார் சிஸ்டரைப் பிரசவ வார்டிலிருந்து தூக்கி, வெளிநோயாளிகளுக்கு ஊசி போடும் அறையில் போட்டாள். இவள் ஊர்ப்பட்ட இடுப்பில் எல்லாம் ஊசி குத்திக்கொண்டு, ஒவ்வொரு குத்திலும் மேட்ரனை நினைத்துக்கொண்டாள். "சிஸ்டர், கொஞ்சம் மெதுவா" என்று ஆட்கள் கெஞ்சினார்கள்.

அங்கிருந்து அவளை மீட்டது கண்டக்டரம்மாதான். உடம்பு தேறி வேலைக்குத் திரும்பியதும், காக்கிச் சட்டையோடும் கழுத்தில் தொங்கும் விசிலோடும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நன்றி சொல்லலாம் என்று வந்தவள், விஷயம் தெரிந்ததும் நேரே பெரிய டாக்டரின் அறைக்குள் நுழைந்துவிட்டாள். நெரிசலான பஸ்ஸின் பின்படிவரை எட்டுகிற குரல் அது. "என் பையன எனக்குக் காட்டின சிஸ்டர அங்கிருந்து தூக்கினது யாரு? அவங்களுக்கு என்ன பதில் வெச்சிருக்கீங்க?" வரிசையில் நின்ற கர்ப்பிணிகள் எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் நல்ல மனுஷன். ஆனால் சத்தம் என்றால் ஆகாது. முழுக்க விசாரித்தார். கறார் சிஸ்டரைக் கூப்பிட்டு, "உனக்கு என்னம்மா வேணும்?" என்றார்.

"ஒரு ரூம் வேணும் சார். மேடம் உடைஞ்ச கட்டில், ஸ்டாண்டு எல்லாம் போட்டுப் பூட்டி வெச்சிருக்காங்களே, அந்த ரூம்."

வேறு அறைகள் இருந்தன. அவள் வேண்டுமென்றே அதைக் கேட்டாள். மேட்ரன் தன் இடுப்பிலிருந்து அந்தச் சாவியைக் கழற்றிக் கொடுக்கவேண்டும், அதை இவள் பார்க்கவேண்டும். மேட்ரன் சாவிக்கொத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அந்த அறையின் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தாள். இவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வெல்டர் தன் மெஷினைத் தூக்கி வந்து, நொண்டிக் கட்டில் ஒன்றின் காலைப் பற்றவைத்துக் கொடுத்தார். ஜன்னலுக்குத் திரை போட்டார்கள். இரண்டு நாற்காலி, ஒரு தொட்டில். குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் அங்கே வேண்டுமட்டும் இருக்கலாம். 'அடுத்தது பொறந்துடும்' என்று எந்தச் சொந்தக்காரராவது அந்த அறைக்குள் வாயைத் திறந்தால், கறார் சிஸ்டர் அவரைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விடுவாள். வீட்டுக்குப் போனவர்களைக் கொஞ்ச நாள் கழித்துப் போனில் கூப்பிட்டு, குழந்தையின் பேரைச் சொல்லி விசாரிப்பாள். அந்தப் பேரை வேறு யாரும் சொல்வதில்லை என்று அந்தப் பக்கம் அழுவார்கள். ஒவ்வொரு தரமும் ஒரு கல்லை எடுத்து மேட்ரனின் வீட்டுக் கூரைமேல் போட்டதுபோல அவளுக்கு ஒரு நிறைவு.

சில வருஷங்களுக்குப் பிறகு மேட்ரன் ஓய்வு பெற்றாள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் வழியனுப்பு விழா. மாலை, சால்வை, மைக். ஒவ்வொருத்தராக மேட்ரனின் கட்டுப்பாட்டையும் நேரந்தவறாமையையும் புகழ்ந்தார்கள். கறார் சிஸ்டர் தானாக எழுந்து மைக்கை வாங்கினாள்.

"மேடம்கிட்ட நான் ஒரு தரம் பேஷண்டா இருந்தேன். பல பேருக்குத் தெரியாது" என்றாள். கைத்தட்டல். மேட்ரன் ஆச்சரியத்தோடு நிமிர்ந்தாள்.

"இங்கதான் எனக்கு ஒரு பொண்ணு பொறந்தா. கொஞ்ச நேரம் இருந்தா. நான் மயக்கத்துல இருந்தேன். மேடம் அவளைத் துணில சுத்தி முடிச்சு போட்டு, பிரிக்காதீங்கன்னு சொல்லி என் வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டாங்க. அவரும் பிரிக்கல. நானும் பார்க்கல. என் பொண்ணு முகத்தை நெனப்புல வெச்சிருக்க வேண்டியவங்க மேடம் மட்டும்தான்." மைக்கோடு மேட்ரனின் முன்னால் வந்து நின்றாள். "எப்படி இருந்தா மேடம்? சொல்லுங்க. முடி இருந்துச்சா? என்னை மாதிரி இருந்தாளா, அவரை மாதிரியா?"

மைக்கை மேட்ரனின் வாயருகே நீட்டினாள்.

மேட்ரனின் உதடு அசைந்தது. "எனக்கு ஞாபகம் இல்லம்மா."

அது மைக்கில் விழுந்து கூடமெங்கும் எதிரொலித்தது.

"அவ்வளவுதான்" என்று சொல்லி, மைக்கைத் திருப்பி வைத்துவிட்டுக் கறார் சிஸ்டர் போய் உட்கார்ந்தாள்.

பிறகு சக நர்ஸுகளில் பாதிப்பேர் அவளோடு பேசவில்லை. "போற நேரத்துல ஒரு பொம்பளைய இப்படியா?" என்றார்கள். வாசலில் வேனோடு காத்திருந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லிட்டியா? எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்தாள். "பசிக்குது" என்றாள். அன்று வழக்கத்தைவிட ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் மேட்ரன் சாவிக்கொத்தை ஒப்படைக்க வந்தாள். கஞ்சி போட்ட வெள்ளை உடை இல்லாமல் யாரோ போலிருந்தாள். ஆபீஸுக்குப் போகாமல், திரை போட்ட அந்த அறையின் வாசலில் வந்து நின்றாள். கறார் சிஸ்டர் உள்ளே தொட்டிலுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

"நேத்திலேருந்து யோசிக்கிறேன்" என்றாள் மேட்ரன். "உன் பொண்ணுன்னு இல்ல. எத்தனையோ குழந்தைங்கள என் கையால சுத்திக் குடுத்திருக்கேன். ஒரு முகம்கூட வரமாட்டேங்குது. தாய்ங்க பார்க்கக் கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. நானும் பார்க்காமத்தான் சுத்தியிருக்கேன் போல."

கறார் சிஸ்டர் துணியின் ஓரத்தை இழுத்துச் செருகினாள்.

"நேத்து கேட்டியே, அதுல உனக்கு ஆறிடுச்சா?"

"இல்ல மேடம்."

"எனக்கு இனிமே ஆறாது" என்றாள் மேட்ரன். கண் கலங்கியிருந்தது.

இந்த மாதிரி நிற்கிறவர்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று கறார் சிஸ்டருக்கு நன்றாகத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போடவேண்டும், எதிரே உட்காரவேண்டும், அவசரப்படாமல் பேசவிட வேண்டும். தினமும் அவள் செய்கிற வேலைதான். பக்கத்திலேயே இரண்டு நாற்காலிகளும் இருந்தன.

அவள் நாற்காலியை இழுக்கவில்லை.

"சாவிய ஆபீஸ்ல குடுத்துடுங்க மேடம்" என்றாள். "இங்க ஆள் வர்றாங்க."

அது பொய்யில்லை. லேபர் ரூமிலிருந்து ஒரு கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். கூடவே ஒரு இளவயசுக்காரர், ஒரு கையில் செருப்பும் மறு கையில் பிளாஸ்கும் பிடித்தபடி, எங்கே போகிறோம் என்று தெரியாமல் வந்தார். மேட்ரன் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். கறார் சிஸ்டர் அவரிடமிருந்து பிளாஸ்கை வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க தம்பி" என்றாள்.